ஊசி முசியே முதலில் மாற்றியது

ஒரே ஒரு முடிவை நாலு வருஷமாக எடுத்துக்கொண்டே இருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் புதுச்சேரியில் என் கீழ்வீட்டில் இருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் தெருவுக்கே அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. அதற்கு முன்னால் 'ஊசி' ஒட்டிக்கொண்ட கதைதான் இது.

முசியேவிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், சரியாகப் பத்து மணிக்கு, ஒரு வயலின் ரெக்கார்டைப் போடுவார். அவர் மனைவி பிலோமினா மதாம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். ஒரு நாள் மதாம், "இன்னாங்க, முன்ன மாதிரி கணீர்னு இல்லியே" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் பிடித்தது சனி.

எதை முதலில் மாற்றுவது? ரெக்கார்டைத் தொடுகிற ஊசியையா, சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையரையா, ஸ்பீக்கரையா? "ரெண்டை ஒண்ணா மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு எப்பிடித் தெரியும் டீச்சர்? ஒண்ணு ஒண்ணாதான் மாத்தணும்" என்பார் என்னிடம். சரி, ஒன்றையாவது மாற்றினாரா? தெருவைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார். சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கும் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், "ஸ்பீக்கர்தான் முசியே" என்றார். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்காமலே, "மொன மழுங்கினா எது தைக்கும்? ஊசிய மாத்து" என்றாள். முசியே இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

பழி என் தலையிலும் விழுந்தது. "மாடியில நீங்க நடந்தா ஊசி துள்ளுது டீச்சர். வயலின் ரெண்டு வரி தாண்டிப் போயிடுது." ஆகவே ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை என் வீட்டில் நான் நடக்கத் தடை. காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்போதும் எழவில்லை.

முதல் வருஷக் கடைசியில் ஊசிதான் என்று ஒருவழியாக முடிவாயிற்று. பிரான்சிலிருந்து வரவிருந்த அக்கா மகனுக்குப் போன் போட்டார்: "வரும்போது நல்ல ஊசியா வாங்கியா. சன்னமா இருக்கணும்." பையன் கண் கலங்க வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்தால் இன்சுலின் ஊசி, ஒரு டஜன் பாக்கெட். "சுகர் எப்பருந்து மாமா? எங்கிட்ட மறைச்சிட்டீங்களே!" அன்றோடு அவர் ஊசி முசியே ஆனார். காலில் ஆணி குத்திக்கொண்ட ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து, "ஊசி போடுவீங்களாமே முசியே?" என்று நின்றதை நானே பார்த்தேன். முசியே மறுபடி ஆம்ப்ளிஃபையரிலிருந்து யோசிக்க ஆரம்பித்தார்.

நாலாம் வருஷம் எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு ஞாயிறு, பத்து மணி என்றும் பாராமல், தடதடவென்று இறங்கிப் போனேன். வயலின் ஓடிக்கொண்டிருந்தது. வில் கம்பியில் திரும்புகிற சின்னச் சத்தம்கூடச் சுத்தமாகக் கேட்டது. "எல்லாம் நல்லாதானே கேக்குது முசியே! இதுல எதை மாத்தப் போறீங்க?" என்று கத்தியே விட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மதாம் திரும்பிப் பார்க்கவில்லை.

முசியே என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். "மொத வருஷம் நானும் ஊசின்னுதான் நெனச்சேன் டீச்சர். பாட்டுப் பெட்டில ஒரு கோளாறும் இல்ல. அவளுக்குக் காது மந்தமாயினே போவுது. அவ அக்காவுக்கும் இப்பிடித்தான் ஆச்சி. எல்லாரும் கத்திக் கத்திப் பேச, அந்தம்மா ரூமை விட்டே வெளிய வரல. இவகிட்ட காது மிஷின்னு பேச்செடுத்தேன். நானும் அக்கா மாதிரி ஆயிட்டேனான்னு அழுதுட்டா. ஊசில கோளாறுன்னு சொன்னா சிரிச்சிக்கினே உக்காந்து கேக்குறா."

இந்த மனிதரையா நாலு வருஷமாகக் கிறுக்கு என்று நினைத்தேன்?

"அப்ப எதையுமே மாத்தலியா?"

"மாத்துனேனே. நாற்காலிய."

முதலில் அது ஸ்பீக்கரிலிருந்து எட்டுத் தரைக்கல் தள்ளி இருந்ததாம். வீடு கூட்டுகிற சாக்கில், சில மாதத்துக்கு ஒரு கல்லாக, மதாமுக்குத் தெரியாமல் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். அன்று காலையும் ஒரு கல் நகர்த்தியிருந்தார். இனி இருப்பது இரண்டே கல்.

உள்ளேயிருந்து மதாமின் குரல் கேட்டது. "இன்னாங்க, ஊசிய மாத்திட்டீங்களா? இன்னிக்குக் கணீர்னு கேக்குதே!"

முசியே ஓடிப்போய் அவர் காதருகே குனிந்து, கத்தாமல், "ஆமா பிலோ, மாத்திட்டேன்" என்றார்.

இப்போது நான் காலாப்பட்டுப் பக்கம் குடிவந்துவிட்டேன். தரைத்தள வீடு, எனக்குக் கீழே யாரும் இல்லை. ஆனாலும் ஞாயிறு பத்து மணியானால் என் கால்கள் தாமாகக் கட்டிலில் ஏறிவிடுகின்றன. பதினொன்று அடிக்கும்வரை இறக்க மனம் வருவதில்லை.