கடைசித் தொட்டியில் கெண்டை

தொட்டியில் மீன் இல்லை.

நத்தானியேல் கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் விடியற்கால மேகம் இருந்தது, தென்னையின் நிழல் இருந்தது, அவருடைய கலங்கிய முகமும் இருந்தது. மீன் மட்டும் இல்லை.

"செத்திருந்தா மெதக்கணுமே!"

மிதக்கவும் இல்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மீன் கரைந்துபோய்விட்டது.

ஆம்பூர் தோல் டேனரியில் இருபது வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற மனிதர் வேறு எப்படி யோசிப்பார்? ஆட்டுத்தோலை அதில் ஊறவைத்தால் முடி கழன்று வழவழவென்று தோல்தான் மிஞ்சும். விரல் நீளக் கெண்டையில் என்ன மிஞ்சும்?

கழிவுநீரைப் பாலாற்றில் விட்டதற்காக அந்த டேனரியைக் கோர்ட் மூடியது. வேலை போனவர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அழுக்குத் தண்ணீர் தொட்டி தொட்டியாகத் தெளிந்து கடைசித் தொட்டிக்கு வரும். அதில் மீன் நீந்துவதை வெள்ளிக்கிழமை அதிகாரி பார்த்துவிட்டால் நத்தானியேலுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"உங்க கை பட்ட தண்ணியில கொசுகூட பொழைக்காது" என்று மனைவி கிரேஸி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் நம்பிவிட்டார்.

முதல் வேலையாக, தண்ணீர் தெளிய நிலையத்தில் போடும் சுண்ணாம்பைக் குறைத்தார். காவேரிப்பாக்கம் ஏரி மீனை உயிரோடு விற்பவரிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை வாங்கினார். பெரிய மீன் கரைய நேரமாகும் என்பது அவர் கணக்கு. தூக்குவாளியில் அதை மறைத்துக்கொண்டு மறுநாள் மாதனூரில் பஸ் ஏறினார்.

"இன்னாண்ணே, கொழம்பு துள்ளுது?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"சூடா இருக்கு" என்றார்.

யாரும் வருமுன் மீனைத் தொட்டியில் விட்டார். ராத்திரி டியூட்டி முடிந்து கிளம்பிய வாட்ச்மேன் வேதாசலம் பார்த்துவிட்டுச் சலாம் வைத்தார்.

"ராத்திரியில மீனு மேல ஒரு கண்ணு வெச்சிக்கப்பா."

"என் கண்ணு அது மேலயேதான் சார் இருக்கு."

பயிற்சி கொடுத்த கெமிஸ்ட் கெசியா தொட்டியைப் பார்த்துக் குதித்தாள்.

"அண்ணே! விரல் சைஸ்ல விட்ட மீனு, எவ்ளோ வளந்துடுச்சி! என்ன பண்ணீங்க?"

"சுண்ணாம்பு கொஞ்சம் கம்மி பண்ணேன் மேடம்."

"அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க!"

மறுநாள் காலை அந்த மீனும் இல்லை. அதைவிடப் பெரியதாக வாங்கி விட்டார். அதுவும் கரைந்தது. கெசியாவோ மீனின் வளர்ச்சியை ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில், மடியில் மீன் குடத்தோடு கண்ணயர்ந்தார். கனவில் ஜன்னலோர சீட்டில் ஒரு கெண்டை உட்கார்ந்திருந்தது. டிக்கெட்கூட எடுத்திருந்தது. "நத்தானியேலு, கரையசொல்ல வலிக்குமா?" என்று சாந்தமாகக் கேட்டது. அவர் தூக்கத்திலேயே அழுதார்.

அதிகாரி வந்தார். தொடை பருமனில் உலாவிய மீனைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஒரே வாரத்துல இவ்ளோ வளர்ச்சியா! வேலையெல்லாம் பர்மனென்ட்தான், நாளைக்கே ஆர்டர் வாங்கிக்குங்க. இந்தத் தண்ணிய ஏன் வீணாக்கணும்? நாளையிலேர்ந்து மாதனூர் வயலுக்கு விடுங்க."

நத்தானியேல் தொட்டித் தண்ணீரை எட்டிப் பார்த்தார். மாதனூர் அவர் ஊர். அந்த வயல் வாய்க்காலில்தான் பிள்ளைகள் குளிக்கும்.

சனிக்கிழமை காலை ஓடிவந்து பார்த்தார். தொட்டி காலி. ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேகங்கள் தண்ணீருக்குள் மெல்ல நகர்ந்தன. அவர் கை பட்டு இத்தனை அழகாக ஒரு தண்ணீர் தெளிந்ததே இல்லை. இந்த வேலை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனாலும் மீனையே கரைக்கிற தண்ணீரைப் பிள்ளைகள் மேல் விட முடியுமா? வேலை போனால் போகட்டும், கெசியாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார்.

எதிரே வேதாசலம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒரு வாரத்தில் ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே சார்?"

"சொல்லுப்பா."

"டெஸ்ட் முடிஞ்ச மீன ஒவ்வொரு நாளும் விடியறதுக்குள்ள புடிக்கசொல்ல அது துள்ற துள்ளு இருக்கே, ரொம்ப பேஜாரு, ருசியில குத்தமே இல்ல, ஆனா கெண்டையில முள்ளு ஜாஸ்தின்னு வீட்ல திட்றாங்க, இனிமே விரால் விடுங்க சார்!"