நவமி முடிவதற்குள் ஒரு ஃபேன் பெல்ட்

தேதி தெரிந்தவனிடம் யாரும் தேதி கேட்பதில்லை. அவன்தான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் எந்த வீடு எப்போது மாடி எடுத்தது, எந்தப் புயலில் எந்த மரம் விழுந்தது என்பதெல்லாம் எனக்குத் தேதியோடு தெரியும். (தெருவுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.) இதனால் யாருக்கும் கெடுதல் வராது என்றுதான் நினைத்திருந்தேன், அந்த ஆயுதபூஜை வரை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, மடக்கு மேஜை எல்லாம் பொருத்தினேன். ஊர் ஊராகப் போய் அதிலேயே தங்குவது திட்டம். மஞ்சள் பெயிண்ட்டை மட்டும் மாற்றவில்லை. அதனால் காலை வேளையில் கிளம்பினால் பிள்ளையைக் கையில் பிடித்தபடி யாராவது நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவார்கள். என் மனைவி மங்கை அதை வீடு என்றும் சொல்லமாட்டாள், வண்டி என்றும் சொல்லமாட்டாள். "உங்களுது" என்பாள்.

முதல் பயணம் சிதம்பரத்துக்கு, மகளைக் கொடுத்த ஊர். விஜயதசமி காலையில் பேத்தி யாழினியின் விரலைப் பிடித்துப் பச்சரிசித் தட்டில் 'அ' எழுதவைக்க வேண்டியது நான். சம்பந்தி பெரிய மனதோடு விட்டுக்கொடுத்திருந்தார். "நாலு எழுத்து எழுதுறவரு நீங்க. நீங்களே புடிங்க. என் கையெழுத்து காத்துல சாஞ்ச வாழ மாதிரி இருக்கும்" என்றார். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. அவர் எழுத்தெல்லாம் நிஜமாகவே இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். "நம்ம வண்டி மேஜையிலதான் எழுதப்போற" என்று நான் யாழினிக்குப் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் நாளே, ஆயுதபூஜையன்று, புறப்பட்டோம். செம்மங்குப்பம் வழியாக நேரே போயிருக்கலாம். வடலூர் சபையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான்தான் சுற்று வழியில் திருப்பினேன். குறிஞ்சிப்பாடிக்குள் நுழைந்ததும் ஃபேன் பெல்ட் அறுந்தது. இன்ஜினிலிருந்து குக்கர் போல ஆவி வந்தது. நாலு பேர் தள்ளிவிட, ஒரு ஒர்க் ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

உள்ளே மெக்கானிக் வேல்முருகன் பூஜைக்காக ஸ்பேனர்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். வேனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்கி ஸ்கூலு லீவாச்சே."

அறுந்த பெல்ட்டைக் காட்டினேன்.

"இவ்ளோதான. எங்கிட்டயே ஒண்ணு இருக்குது. பூஜ சாயங்காலந்தான், அதுக்குள்ள மாட்டிக் குடுத்துர்றேன். டீ சாப்ட்டு வாங்க."

டீ சாப்பிடப் போயிருக்க வேண்டும். அன்று நான் செய்திருக்கக்கூடிய ஒரே நல்ல காரியம் அதுதான். ஆனால் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது.

"சாயங்காலம்னா தசமி வந்துடுமேப்பா. நவமி மூணு மணியோட முடியுது" என்றேன்.

சந்தனம் குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வி நிமிர்ந்தார். "ஏங்க, சார் சொல்றது காதுல உழுதா? போன வருஷமும் லேட்டாதான் கும்புட்டீங்க. அப்பறம் வருஷம் பூரா வண்டியே வரலன்னு பொலம்புனீங்க."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நவமிக்கும் தசமிக்கும் உள்ள சம்பந்தத்தை நான் விளக்கினேன். செல்வி பக்தியோடு கேட்டார். அப்போதே மணி இரண்டரை. நான் பேசி முடித்தபோது ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் வாழை இலையில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"பூஜ முடிஞ்சதும் எடுத்துக்கலாம்ல?" என்றேன்.

"வெச்சா, நாளைக்கி மறுபூஜ போட்டுதான் சார் எடுக்கணும். ஊர்ல எவனும் இன்னிக்கி ஸ்பேனர தொடமாட்டான்."

வேனில் என் சொந்த ஸ்பேனர் செட் இருந்தது, புத்தம் புதுசு. ஓடிப்போய்த் தேடினேன். காணோம்.

"சாரோடதும் வெச்சிட்டேன். ரோட்டுல இருக்காரு, பூஜ இல்லாம போவக்கூடாதுல்ல" என்றார் செல்வி. "அக்காதான் எடுத்துக் குடுத்தாங்க."

மங்கையைப் பார்த்தேன். "வாங்கனதுலருந்து தொறக்கவே இல்ல. பூஜைக்காவது ஒதவட்டும்னு குடுத்தேன்" என்றாள்.

(அறுந்த பெல்ட்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.)

மங்கை பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். வண்டியை விட்டுவிட்டு எப்படி என்றேன்.

"இத யாரு தூக்கிட்டுப் போவப்போறா? கொழந்த காத்துக்கினு இருக்கும்."

"மேஜையில எழுதவெக்கிறேன்னு சொல்லியிருக்கேன். வண்டியோடதான் வருவேன்."

அவள் பச்சரிசிப் பையை எடுத்துக்கொண்டு வடலூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து சிதம்பரம் பஸ். நான் வேனிலேயே தங்கினேன். மறுநாள் விடியற்காலையிலாவது நானும் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

காலையில் செல்வி காலண்டரோடு வந்தார். "மறுபூஜைக்கி நேரம் நீங்களே பாத்து சொல்லுங்க சார். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பார்த்தேன். நல்ல நேரம் ஏழரைக்குத் தொடங்கியது. சிதம்பரத்தில் யாழினிக்குக் குறித்திருந்ததும் அதே ஏழரைதான். இப்போதே எடுக்கலாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். தேதி விஷயத்தில் என் வாய்க்குப் பொய் வராது. "ஏழரம்மா" என்றேன்.

ஒர்க் ஷாப்பில் மணி அடித்துக் கற்பூரம் காட்டும்போது மங்கை போன் செய்தாள். பிறகு சம்பந்தி வாங்கினார்.

"எங்க இருக்கீங்க சம்பந்தி?"

"இன்னும் குறிஞ்சிப்பாடிதான்."

"எவ்ளோ நேரம் காத்திருக்கலாம், சொல்லுங்க. நீங்க வந்தே புடிங்க."

"எட்டரையோட நேரம் முடியுது" என்றேன். வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே புடிச்சிடுங்க" என்றேன்.

போனை அவர் வைக்கவில்லை. அரிசியில் விரல் உரசும் சத்தமும் யாழினி கூச்சத்தில் சிரிப்பதும் கேட்டது. இந்தப் பக்கம் வேல்முருகன் என் ஸ்பேனரால் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேலை சீக்கிரமாகவே முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அந்த அரிசியில் பொங்கல் வைத்திருந்தார்கள். பேத்தியின் முதல் எழுத்தை நான் சாப்பிட்டுத்தான் பார்த்தேன். பரிமாறிக்கொண்டே சம்பந்தி சொன்னார்: "எங்க வீட்டுப் பஞ்சாங்கத்துல நவமி சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சே."

இப்போதும் ஆயுதபூஜை வந்தால் சிதம்பரத்திலிருந்து போன் வரும். "சம்பந்தி, நவமி எப்ப முடியுது?" என்று அவர் கேட்பார். ஸ்பீக்கரில் மொத்த வீடும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் நேரம் சொல்வதில்லை.

யாழினி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் எழுத்து அத்தனையும் இடப்பக்கம் சாய்கிறது. போன லீவில் வேனின் பின்கதவில் மார்க்கர் பேனாவால் 'தாத்தா வண்டி' என்று எழுதினாள். அதிலும் தாத்தா சாய்ந்துதான் இருக்கிறார். பிறகு வேனுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தபோது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் மஞ்சளாகவே விடச் சொன்னேன்.