ராணி கலரில் வந்த வெள்ளை எழுத்து

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் சேலை நிறங்களின் பெயர் அத்தனையும் தெரிந்த ஆம்பிளை ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஜவுளி வியாபாரி அல்ல, கலர் டி.வி. மெக்கானிக். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் சேலை மெக்கானிக்.

குரும்பலூரிலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் சம்சாரம், சம்சாரத்தின் மடியில் டூல்ஸ் பை. வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.க்கு முன்னால் அந்த அம்மா உட்காருவார். இவர் பின்பக்க மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டுவிடுவார். அப்புறம் குரல் மட்டும்தான் வரும்.

“வெள்ளைச் சட்டைக்காரன் எவனாச்சும் வர்றானா?”

“வர்றான்ங்க.”

“என்ன கலர்ல வர்றான்?”

“மாம்பழக் கலரு. என் தங்கச்சி முகூர்த்தச் சேலை இருக்குல்ல, அது.”

“அப்ப நீலம் போயிடுச்சு.”

சூட்சுமம் இவ்வளவுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தான் டி.வி.யில் வெள்ளை. ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து வேறொரு நிறத்தைக் காட்டும். நீலம் போனால் மாம்பழக் கலர், சிவப்பு போனால் நீலப்பச்சையான ராமர் கலர், பச்சை போனால் அடர் ரோஸான ராணி கலர். புத்தகத்தில் இதற்கெல்லாம் வேறு பெயர் போட்டிருப்பார்கள். புத்தகம் எழுதியவர் சேலை எடுத்திருக்க மாட்டார்.

மனுஷருக்குச் சிரிக்கவே வராது. எந்தப் பழுதையும் எழவு சொல்கிற குரலில்தான் சொல்வார். பாடாலூரில் ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மா, “என்னங்க போயிருக்கு?” என்று கேட்க, இவர் பின்னாலிருந்து இழுத்து, “நீலம்மா... போயிடுச்சும்மா” என்றார். அந்த வீட்டு மூத்த பெண்ணின் பெயர் நீலம்மா. அரியலூரில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அந்த அம்மா தலைவிரி கோலமாக ஓடி, தெருவே கூடிவிட்டது. மெக்கானிக்கின் சம்சாரம்தான் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ரிப்பேர் முடிந்த பிறகாவது இவர் நல்ல வார்த்தை சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. “இப்போதைக்கு இருக்கு. மனசைத் திடப்படுத்திக்குங்க.”

ஒரு ஐப்பசியில் மெக்கானிக்கின் சம்சாரம் இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்றார்கள். இவர் வெகுநாள் வெளியே வரவில்லை.

நான் அப்போது பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியார். மறு வருஷம் எங்கள் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் ஆசை பிடித்தது. துபாயிலிருந்து அவர் மச்சான் ஒன்று கொண்டுவந்தார். பார்ப்பதற்கு டைப்ரைட்டர் போட்ட குட்டி மாதிரி வெறும் கீபோர்டு. திரைக்கு நம் வீட்டு டி.வி.யைக் கோத்துக்கொள்ள வேண்டும். விஜயதசமியன்று வகுப்பு திறப்பு என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. ஆயுதபூஜை அன்று காலையில் சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளையாக வர வேண்டிய எழுத்து என்னவோ நிறத்தில் வந்தது. முதலாளி கீபோர்டுக்கு விபூதி பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். எழுத்து மசியவில்லை.

சேலை மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினோம். கேரியர் காலியாக வந்து இறங்கினார். பழையபடி பின்பக்கம் போய்த் தலையை விட்டுக்கொண்டார்.

“சார், எழுத்து என்ன கலரு?”

“சிவப்புங்க” என்றேன். கல்யாணம் ஆகாத ஆம்பிளைக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

“கம்ப்யூட்டரைக் கழட்டிட்டு டி.வி. ப்ரோகிராம் வைங்க. அதுலயும் அப்படித்தானா?”

“அப்படித்தான்.”

“அப்ப அது மேல பழி போடாதீங்க. அது பச்சைப் புள்ள. சிவப்பு மட்டும்தான் நிக்குதா? பச்சை, நீலம் ரெண்டுமா போயிடுச்சு!” உள்ளிருந்து பெருமூச்சு கேட்டது. ஒரே வீட்டில் ரெண்டு சாவு விழுந்த மாதிரி ஆடிப்போய்விட்டார்.

மத்தியானம் வரைக்கும் எதையெதையோ கழற்றினார், சூடு வைத்தார். எழுத்து அப்படியே நின்றது. முதலாளி காதுபடவே சொன்னார்: “திருச்சியிலேர்ந்தே ஆளைக் கூப்புட்டிருக்கலாம். இனிமே இவரு வேண்டாம்.”

அப்போது சுண்டலோடு வந்த முதலாளியின் சம்சாரம் திரையைப் பார்த்து நின்றார்.

“இதையா தம்பி சிவப்புங்கறீங்க? இது ராணி கலருல்ல!”

“அம்மா, அப்ப பச்சை மட்டும்தான் போயிருக்கு!” என்று தலை வெளியே வந்தது. ஒரு பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. சுண்டல் ஆறுவதற்குள் எழுத்து வெளுத்துவிட்டது.

எனக்குக் கோபமான கோபம். ரோடு வரை கூடவே போய்க் கேட்டேன்: “ஒரு தடவை முன்னாடி வந்து நீங்களே பார்த்திருந்தா என்னங்க?”

“பார்த்தா மட்டும்? எனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் ஒண்ணுதான் சார். பொறவியிலேயே அப்படி. அவதான் பார்த்துச் சொல்லுவா.” சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு நின்றார். “ஊரு டி.வி. கலரெல்லாம் சொன்னா. அவ கண்ணு என்ன கலர்ல இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல சார்.”

டூல்ஸ் பையை ஹேண்டில்பாரில் மாட்டினார்.

“வெளியில சொல்லிடாதீங்க. இந்தப் பொழப்பை விட்டா எனக்கு வேற நாதியில்ல.”

சத்தியம் செய்தேன். ஆனால் ராணி கலர் என்று சொன்ன அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்குமே என்று பயம். போய்ச் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவருக்குக் கலரு தெரியாததா? இந்தப் பக்கம் டி.வி. இருக்கற வூட்டுப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும் தம்பி. அவரு சம்சாரம் முடியாம இருந்தப்ப வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போனாங்க. ‘நான் இல்லாட்டி நீங்க பார்த்துச் சொல்லுங்கடி, உங்களுக்குத் தெரியும்கறது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்’னு. நீங்க முந்திரிக்கொட்டையாட்டம் சிவப்புன்னு சொன்னதாலதான் இன்னிக்கு மானம் போகப் பாத்துச்சு.”

முதலாளியை அந்த அக்கா எப்படிச் சரிக்கட்டினாரோ, திருச்சிப் பேச்சு அதோடு நின்றது. விஜயதசமிக்கு மறுநாள் நான் பஸ் ஏறி அரியலூர் போய், ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னேன். “யாருக்குங்க சேலை?” என்று கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்க மெக்கானிக்குக்கு என்று எப்படிச் சொல்வது? பேசாமல் ஒவ்வொரு கலரின் பெயரையும் கேட்டு, ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.