அட்டவணையில் இல்லாத தாத்தாக்கள்

அல்மாட்டி,
ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும் ஒரு வியாழன்.

மரியாதைக்குரிய ஸிலிகா அண்ணிக்கு, நாத்தனார் கம்ஷாத் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. வீட்டில் உயிர்களும் கால்நடைகளும் நலம்தானே? கால்நடை என்று உங்களிடம் பூனை ஒன்றுதான் இருக்கிறது, ஆனாலும் முறைக்குக் கேட்டேன். ரயில் ஓட்டப் போகும்போது அண்ணன் ரொட்டியை மறக்காமல் எடுத்துப் போகிறானா?

போனில் நான் "அண்ணி" என்றதுமே நீங்கள் பேச ஆரம்பித்து, நீங்களே பதிலும் சொல்லி, "சரிடி முன்முடிக்காரி, உடம்பப் பாத்துக்க" என்று எனக்கு வைத்த பட்டப்பெயரிலேயே முடித்து, போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் கல்யாணம். பக்கத்து மேசை எர்காஸியைப் பற்றிச் சொல்லியிருந்தேன் அல்லவா, வேலை நடுவே ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர். அவருடைய அம்மா என்னைப் பார்த்தார், பிடித்தது என்றுகூடச் சொன்னார். ஆனால், "ஏழு தலைமுறைத் தாத்தா வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் ரத்த சம்பந்தம் இல்லன்னு தெரியட்டும், அன்னிக்கே கம்மல் போட்டு நிச்சயம் பண்ணிடறேன்" என்று முடித்துவிட்டார். எங்கள் அலுவலகம் செய்யும் மென்பொருளே அதற்குத்தான். இரு பக்கத்து முன்னோர் பெயர்களையும் கொடுத்தால் எங்காவது சேர்கிறார்களா என்று தேடிச் சொல்லும். "நம்ம சரக்குலயே பாத்துடலாம், வெளியாளுக்கு எதுக்குத் தண்டம்" என்றார் எர்காஸி. பாட்டன், பூட்டன் என்று அண்ணனுக்குத் தெரிந்த நான்கு பெயர்களையும் அவர்கள் பக்கத்து ஏழையும் போட்டு அழுத்தினோம். நான்காம் தாத்தா ஒரே ஆள், பெயர் பெக், நாங்கள் அண்ணன் தங்கை என்று வந்தது. எர்காஸி மெதுவாகத் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். முறை தெரிந்தவர்.

எங்கள் முதலாளி ஸெய்ஸென்பாய் அண்ணா நம்பாமல் தன் தாத்தாக்களையும் மனைவியின் தாத்தாக்களையும் போட்டுப் பார்த்தார். அவர்களுக்கும் பெக் தாத்தாதான். "மூணு புள்ள பெத்தப்புறமாடா இதச் சொல்றது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். டீ கொண்டு வந்த அக்கா, காவலாளி, எதிர்க்கடை கறிக்காரர் என்று யாரைப் போட்டாலும் பெக். அன்று சாயங்காலம் டிராலிபஸ்ஸில் நின்றுகொண்டு எல்லா முகத்தையும் பார்த்தேன். இவரும் தம்பி, அவரும் பெரியப்பா. ஊரே ஒரே கம்பளக் கூடாரத்தில் பிறந்தது போல இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது அண்ணி, ஆனால் அப்படியானால் நான் யாரைக் கட்டிக்கொள்வது?

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. பெயர்களைத் தேட ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு முறை இருக்கிறது. அதன் கையில் ஓர் அட்டவணை, உங்கள் பொத்தான் டப்பா மாதிரி அறை அறையாக. ஒவ்வொரு அறையிலும் ஒரு குறி, அது எழுத்தா, எண்ணா, வெறும் இடைவெளியா என்ற விவரத்தோடு. அட்டவணையைக் கட்டும் நேரத்தில் கணினி எந்த மொழிக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மொழியின் கண்ணால்தான் அது கடைசிவரை பார்க்கும். நான் கட்டியது ருஷ்ய மொழியில் அமைத்த பழைய கணினியில். நம் கசாக் மொழிக்கே உரிய எழுத்துகள் அதன் கண்ணுக்கு எழுத்தே இல்லை, ஏதோ தூசி. நம் அலிபெக் தாத்தா, அவர்கள் அப்திபெக் தாத்தா இருவரையும் தூசி இருந்த இடத்தில் வெட்டி, மிஞ்சிய வாலை மட்டும் பிடித்துக்கொண்டு "இதோ பெக்" என்று நின்றிருக்கிறது. "தங்கச்சி, நம்ம தாத்தாங்கள நம்ம ஊர்க் கண்ணால பாருங்க" என்றார் ஸெய்ஸென்பாய் அண்ணா. கணினியைக் கசாக்குக்கு மாற்றி அட்டவணையைப் புதிதாகக் கட்டினேன். விடுபட்ட எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தம் அறையில் வந்து அமர்வதைப் பார்த்தபோது, பனிக்காலம் கழிந்து மேய்ச்சலிலிருந்து ஆட்கள் வீடு திரும்புவது போலத் தோன்றியது. பிறகு தேடினேன். அலிபெக் வேறு, அப்திபெக் வேறு. எர்காஸியின் நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம். அவர் அம்மா விடவில்லை. "நாலு போதாது, மிச்ச மூணு எங்க?" அண்ணனைக் கேட்டேன், "உங்க அண்ணியக் கேளு, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றான். உங்களைக் கேட்டேன். பெரிய வாசல்காரர், ஓடுந்தண்ணி, கூரானவர் என்று மூன்று பேரைச் சொன்னீர்கள். அட்டவணை இந்த முறை ஓர் எழுத்தைக்கூட விடாமல் படித்துவிட்டு, இப்படி யாரும் பிறந்ததே இல்லை என்றது. நான் திரும்பக் கூப்பிட்டபோது நடந்த பேச்சு நினைவிருக்கும்.

"நெசப் பேரு வேணும் அண்ணி."

"புருஷன் வீட்டுப் பெரியவங்க பேர நான் வாயால சொல்லணுமா? காலேஜ் படிச்சா புத்தி இப்படியா போவும்?"

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். மருமகளா வந்தவ அவங்களுக்கு வேற பேரு வச்சுத்தான் கூப்பிடணும். உங்கம்மாவும் சொன்னதில்ல, அவங்க மாமியாரும் சொன்னதில்ல."

அண்ணி, எந்த மொழிக்கு அமைத்தாலும் இதற்கு ஓர் அட்டவணை கட்ட எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு யோசனை. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, விரலால் மட்டும் மூன்று பெயரை போனில் தட்டி அனுப்பிவிடுங்கள். விரலுக்கு மாமனார் கிடையாது. அந்த மூன்று பெயர் வந்தால் கம்மல். வராவிட்டால் நான் பக்கத்து மேசையில் தலைகுனிந்தபடியே கிழவியாகிவிடுவேன்.

உங்கள் வீட்டுத் தட்டில் ரொட்டி குறையாமல், பூனை பெருகி மந்தையாக, அண்ணன் ஓட்டும் ரயில் எப்போதும் வீடு இருக்கும் திசைக்கே வர வேண்டும்.

அன்பு நாத்தனார்,
கம்ஷாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் எர்காஸியின் அம்மா போன் செய்தார். "எங்க பக்கத்துல அஞ்சாவது தாத்தா யாருன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லும்மா, எனக்கு வாயில வராது" என்றார். பெயர் எனக்கு எதிரே திரையில், எல்லா எழுத்தோடும் பளிச்சென்று இருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை அண்ணி. அந்த வீட்டு மருமகளாகப் போகிறவள் என்ற கூச்சம். பெயரின் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, "அவங்கதான்... அந்தச் சாம்பல் குதிரைக்காரர்" என்றேன்.

"பேரச் சொல்லக் கூடாதுன்னு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்லங்கம்மா."

"கம்ப்யூட்டர மூடு. உங்க அண்ணிய வரச் சொல்லு, அவளும் நானும் பட்டப்பேர்லயே பேசி ஏழையும் சரிபாத்துக்கறோம்."

ஆகவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். ரயில் ஏறுங்கள். என் காதுத் துளை தூர்ந்துபோய்விட்டது, மெல்லிய ஊசி ஒன்று எடுத்து வாருங்கள்.