பிடுங்கிய டிரைவும் பந்திக்கு வராத கறியும்

ஒரு காட்டில், கரண்ட் வந்த வருஷமே வம்பும் வந்து சேர்ந்தது. அங்கே ஏகாம்பரம் என்ற எறும்புத்தின்னி வீடியோ கடை வைத்திருந்தது. பயந்த பிராணி. கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவை, 'பாதுகாப்பாக அகற்று' என்ற இடத்தை அழுத்தாமல் ஒரு நாளும் உருவியதில்லை. பக்கத்துக் கடைக் குரங்கு மரகதமோ நினைத்த மாத்திரத்தில் பிடுங்கும் ரகம்.

"ஒருநாள் எல்லாம் அழிஞ்சு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்காரப்போறீங்க அக்கா" என்று ஏகாம்பரம் சொல்லும்.

"போட்டுக்கிறேன்" என்று மரகதம் சொல்லும்.

அந்தக் காட்டு ராஜா புலியார், மகளைப் பக்கத்து மலையில் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் முடிந்ததிலிருந்து சம்பந்திப் புலி போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. கடைசிப் பந்திக்குக் கறி வரவில்லையாம். புலியாருக்கு மானம் போயிற்று. நேரே கடைக்கு வந்தார்.

"சாயங்காலம் சம்பந்தியைக் கூட்டிட்டு வர்றேன். ஆலமரத்தடி டிவியில கல்யாண வீடியோவைப் போடு. அண்டா நிறையக் கறி இருந்ததை அவரே பார்க்கட்டும். போடலைன்னா ராத்திரி விருந்துக்கு நீதான். செதில் உரிக்க நேரமாகும், பரவாயில்லை."

ஏகாம்பரம் கம்ப்யூட்டரிடம் ஓடியது. வீடியோ டிரைவில் இருந்தது, டிரைவ் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரோ முந்தின நாள்தான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைப் புதுசாக்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அழுத்தும் இடத்தையே காணோம். தேடிப் பார்த்தால் ஒரு அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஏகாம்பரம் அதை அழுத்தியது. 'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது. பிறகு முயலவும்' என்று திரையில் வந்தது.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குட்டையில் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், அவராக எழும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது. புலிக்கும் அதே சட்டம்தான். அப்படித்தான் இங்கேயும் யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஏகாம்பரம் எடுத்துக்கொண்டது. கடையில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் காத்திருந்தது.

மரகதம் எட்டிப் பார்த்தது. "பிடுங்கிட்டுப் போவியா, பூஜை பண்ணிக்கிட்டு இருக்கே."

"யாரோ உபயோகத்துல இருக்காங்க அக்கா."

"யாரு?"

"அது சொல்லலை."

சாயங்காலம் புலியார் சம்பந்தியோடு வந்தார். திரையைப் படித்தார். சட்டம் போட்டவரே மீறுவதா? வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சம்பந்தியும் உட்கார்ந்தார்.

"பிறகுன்னா எப்போ?"

"அது அதோட மனசு, ராஜா."

இருட்டத் தொடங்கியதும் சம்பந்தி கொட்டாவி விட்டார். "அன்னிக்குக் கறி இல்லை. இன்னிக்கு வீடியோ இல்லை."

புலியார் மெல்ல எழுந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் பந்தாகச் சுருண்டது.

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் பக்கத்துக் கடை. உள்ளே வந்து டிரைவை வெடுக்கென்று பிடுங்கி, ஆலமரத்தடிக்குக் கொண்டுபோய் டிவியில் செருகியது.

வீடியோ அழிந்தது, அவசரக் குரங்கும் ஒழிந்தது, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இங்கேயே முடித்தால் எனக்கும் சுலபம்தான். என்ன செய்வது, நடந்தது வேறு. வீடியோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பளிங்கு மாதிரி ஓடியது. அண்டா தெரிந்தது. அண்டா நிறையக் கறியும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், பந்தலுக்குப் பின்னால் அந்த அண்டாவுக்குள் தலையை விட்டிருந்த புலியாரும் தெரிந்தார். இந்தப் பக்கம் கடைசிப் பந்தி இலை போட்டுக் காத்திருந்தது.

காடே பார்த்தது. சம்பந்தி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மருமக சாப்பிடுற வேகத்தைப் பார்த்தப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

"பிடுங்கினது யார்?" என்றார் புலியார். மரகதம் அதற்குள் உச்சாணிக் கொம்பில் இருந்தது.

"பிடுங்காம இருந்தது யார்?"

ஏகாம்பரம் சுருளுக்குள்ளிருந்து ஒரு நகத்தை மட்டும் நீட்டியது.

அன்றைக்கே ஏகாம்பரம் அரண்மனை டிரைவ் அதிகாரி ஆனது. காட்டிலுள்ள டிரைவெல்லாம் இப்போது அதன் பொறுப்பு. யார் வந்து கேட்டாலும் பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்கிறது. உடம்பும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

நீதி: டிரைவைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது கெடாது, வெளியே இருப்பவர்தான் கெடுவார்.