ஒரு கிண்ணம் சாமைக்கோழி

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
19.3.1960, சூசையப்பர் திருநாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு மாமனார் சவரிநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். ஜாம்ஷெட்பூரில் நீங்களும் ரோசரியும் பேரனும் உங்கள் அத்தையும் அவ்வண்ணமே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பேரனுக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம். அது என் தகப்பனார் ஜாடையில் முளைக்காமல் இருக்கட்டும்.

முதலில் நீங்கள் கேட்டிருந்ததற்குப் பதில். பிரசவத்துக்கு வந்த அத்தையை, பேரனுக்கு ஆண்டு நிறையும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா, மாமாவுக்குச் சாப்பாட்டுக்குத் தொந்தரவு இராதே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ரயில்வே பார்சல் ஆபீஸில் உயிருள்ள ஆட்டிலிருந்து கண்ணாடி பீரோ வரைக்கும் சேதாரமில்லாமல் அனுப்பிவைத்தவனுக்கு, ஒரு வயிற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? உங்கள் அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால், என் கடிதங்களை நீங்கள்தான் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறீர்கள் என்று ரோசரி எழுதியிருந்தாள். ஆகவே இனி வருவதை நன்றாக நிறுத்தி வாசியுங்கள். நான் என் கையாலேயே கோழி சமைத்தேன்.

நான் அதுவரை சாப்பாட்டுக் கிளப்பில்தான் சாப்பிட்டு வந்தேன். காலும் கையும் அசந்துபோகிறதே என்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் போகும் அந்த ஐயங்கார் டாக்டரைப் பார்த்தேன். அவர் நீரிழிவு என்று சொல்லிவிட்டு, "அரிசியை அடியோட விட்டுடுங்கோ. சாமையோ வரகோ ஒரு கிண்ணம் போறும். காய்கறியை எண்ணெயில போடாதேள், தணல்ல சுட்டு எடுங்கோ. அப்புறம்..." என்று கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களவா சாப்பிடற அந்தப் பட்சி இருக்கோல்லியோ, அதுவும் கொஞ்சம் சேர்த்துக்கலாம், தேகத்துக்குப் பலம் வேணுமே. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து சாப்பிட்டுடுங்கோ" என்றார். கோழி என்று வாயால் சொல்ல மாட்டேன் என்கிறார், ஐயா! புறாவா, கொக்கா என்று நான் கேட்டேன். அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு அடுத்த ஆளை உள்ளே விடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காந்தி மார்க்கெட்டில் வையம்பட்டிச் சாமையும், கத்தரிக்காய், பரங்கிக்கீற்று, சின்ன வெங்காயமும் வாங்கி, ஒரு கோழியையும் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே அறுத்திருக்க வேண்டும். செய்த தப்பு அதுதான். சாயந்திரம் ஆகிவிட்டதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டில் காலில் கட்டிப்போட்டேன். அது என்னைப் பார்த்து கொக்கொக் என்றது. மரியாதைக்கு நானும் என்ன வேண்டும் என்று கேட்டேன். பிறகு பென்ஷன் ஆபீஸில் என்னை அலைக்கழிக்கிற கதையைச் சொன்னேன். கேட்டது, மாப்பிள்ளை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. உங்கள் அத்தைகூட இந்தக் கதையை முழுசாகக் கேட்டது கிடையாது, பாதியிலேயே எழுந்து உலை வைக்கப் போய்விடுவாள். இதை அவள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஷயத்துக்காகச் சொன்னேன்.

பேசிப் பழகிய கோழியை யாரால் அறுக்க முடியும்? காலையில் கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் கோழியைத் தூக்கிக்கொண்டு இடதுபக்கத்து வீட்டு டெய்லர் அப்துல் மாலிக்கிடம் போனேன். நோன்பு மாதம், பெருநாள் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது, இருந்தாலும் மனுஷர் முகம் சுளிக்கவில்லை. "சீக்கிரம் குடுங்கண்ணே, நான் குளிச்சிட்டு ஜும்மாவுக்குப் போகணும்" என்று வாங்கி, பிஸ்மி சொல்லி அறுத்து, அவர் வீட்டு அம்மாள் ஜஹானாராவிடம் கொடுத்துச் சுத்தமும் பண்ணித் தந்தார். ஜும்மா என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. வலதுபக்கத்து வீட்டு மயிலம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, வாசலை அடைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டித்தான் வந்தேன். அப்போதும் உறைக்கவில்லை. இந்தப் பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கோலத்துக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டு உள்ளே போனவன் நான்.

சமையலைக் கேளுங்கள். உங்கள் அத்தை மசாலா டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டியவள் இல்லை, எல்லாம் மோந்து பார்த்தே எடுப்பாள். நானும் அப்படியே மோந்தேன். முதல் டப்பாவே மிளகாய்ப்பொடி. தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, "ஐயா, என்னாச்சு?" என்று மயிலம்மாள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் கொடுக்கிற அளவுக்குத் தும்மல். அதன்பிறகு மூக்கு செத்துவிட்டது. சிவப்பாக இருந்ததில் ஒரு கரண்டி, மஞ்சளாக இருந்ததில் அரைக் கரண்டி, பழுப்பாக இருந்ததில் தைரியம் வந்த மட்டும் என்று போட்டு, பட்டையும் சோம்பும் அம்மியில் தட்டிச் சேர்த்துக் கோழியைப் புரட்டி வைத்தேன். கும்முட்டி அடுப்பில் கரியைப் பிடிக்கவைத்து, கத்தரிக்காயைத் தணலில் போட்டால் அது வெடித்து என் பனியனில் தெறிக்கிறது. வெங்காயம் ஒன்று கம்பி இடுக்கில் விழுந்து கரியோடு கரியாகிவிட்டது. பரங்கிக்கீற்று மட்டும், பாவம், சொன்ன பேச்சு கேட்டது. சாமை குழைந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படியோ நாலு மணி வாக்கில் கோழி வெந்து, காய் சுட்டு, டாக்டர் சொன்னபடியே எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறினேன். வாசம் வந்தது பாருங்கள், மாப்பிள்ளை! செத்த மூக்கு உயிர்பிடித்து எழுந்தது. உங்கள் அத்தை இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

தட்டும் தண்ணீரும் வைத்து உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டு, முதல் கவளத்தைக் கையில் எடுத்தேன். ஜன்னலில் மயிலம்மாள்.

"ஏன் ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா உங்க வீட்டுல கறி வாசம் வருது? அம்மா இருந்தா மீன் வாசமில்ல வரும்?"

கவளம் கையிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை. அதுவும் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை! சுத்தபோசனத்தன்று கோழியை அறுத்து, மசாலா தடவி, தெருவே மணக்கச் சமைத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை, எனக்குத் தெய்வபயம் இல்லாமல் இல்லை. ஆபீஸ் போகிற வரைக்கும் கிழமையை ஆபீஸ் சொல்லும், வீட்டில் உங்கள் அத்தை சொல்லுவாள். வியாழக்கிழமை விளக்கு வைத்ததும், "நாளைக்குச் சுத்தபோசனம், கறி கிறின்னு ஆரம்பிக்காதீங்க" என்பாள். நான் என்னவோ ஆரம்பிக்கப் போனவன் மாதிரி! எனக்குக் கோபம் வரும். இப்போது சொல்ல ஆள் இல்லை. எல்லாக் கிழமையும் ஒரே கிழமையாக இருக்கிறது.

கையைக் கழுவிவிட்டுச் சட்டியை மயிலம்மாளிடமே நீட்டினேன். அவள் இரண்டு அடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சமயபுரத்தாளுக்குப் பச்சைப் பட்டினி நடக்கிறதாம், ஆத்தாளே சமைத்ததைத் தொடாமல் இருக்கும்போது தான் கோழியைத் தொடுவதாவது என்றாள். மாலிக் வீட்டில் பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீர்கூடக் கிடையாது. ஆக, தெருவில் மூன்று சாமிக்கும் விரதம், நடுவில் நான் ஒருவன் கோழியோடு நிற்கிறேன். இதற்குள் சாயந்திரச் சிலுவைப்பாதைக்குக் கோயில் மணி அடித்துவிட்டது. பங்குப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போவார்கள். கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, கோழி வாசத்தை மறைக்கச் சாம்பிராணி போட்டேன். இருந்ததையெல்லாம் போட்டுவிட்டேன். கூரை ஓட்டு வழியாகப் புகை போனதைப் பார்த்து, வீடு பற்றிக்கொண்டது என்று பெண்கள் குழாயடியில் இருந்த குடங்களோடு ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். திறந்தேன். சாம்பிராணிக்குப் பின்னால் கோழியும் வெளியே வந்தது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கேவலம்.

பாங்கு சொன்னதும் சட்டியை மாலிக் வீட்டில் கொடுத்தேன். அவர் அறுத்த கோழி, அவர்கள் தின்னலாம். பதிலுக்கு ஜஹானாரா ஒரு செம்பு நோன்புக்கஞ்சி கொடுத்தாள். கொத்துக்கறி போட்டது. மயிலம்மாள் மனசு கேட்காமல் துள்ளுமாவும் பானகமும் கொண்டுவந்தாள். இரண்டிலும் வெல்லம், எனக்கு விஷம். சாப்பிட ஒன்றும் இல்லாமல் இல்லை, பாருங்கள், மேஜை நிறைய இருந்தது. கும்முட்டி ஓரம் தவறி விழுந்த ஒரு கத்தரிக்காய் கிடந்தது. சாம்பலைத் தட்டிவிட்டு அதைத் தின்றேன்.

"எல்லாம் நல்லா இருந்துச்சுண்ணே, பிள்ளைங்க சட்டியை வழிச்சிடுச்சுங்க. உப்பை மட்டும் மறந்துட்டீங்க" என்று ஜஹானாரா பிறகு சொன்னாள். இன்று காலை பூசை முடிந்து சாமியாரிடம், தின்னாத கோழிக்குப் பாவம் உண்டா என்று கேட்டேன். "ஆசைப்பட்டீரா?" என்றார். தோத்திரம் சாமி என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியும், அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள், உப்பு ஒன்றுதான் பாக்கி என்பது இதிலிருந்து விளங்கும். அத்தை ஆண்டு நிறைவு வரை நிம்மதியாக இருக்கட்டும்.

சூசையப்பர் உங்கள் குடும்பத்தைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. எனக்குப் பதிலாகப் பேரன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதமுடன்,
அ. சவரிநாதன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தைக்குக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதை வாசிக்க வேண்டாம். மேலே ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியது பொய். சாப்பாடு எப்படியோ ஓடிவிடும். வீட்டுக்குள் இருப்பதுதான் முடியவில்லை. அவளை அனுப்பிவையுங்கள். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். வெயில் அதிகம், உங்கள் தாயார் வருகிறார், வீடு போதாது என்று ஏதாவது காரணம் சொல்லுங்கள்.

இன்னொன்று: உறையை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்தேன். அப்படிச் சொன்னால் மருமகன் போகச் சொல்லிவிட்டார் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வருவாள். காரணம் ஒன்றும் வேண்டாம். பின்குறிப்பையும் வாசித்துவிடுங்கள். ரோசரி சிரித்தால் சிரிக்கட்டும், சத்தமாகவே வாசியுங்கள்: பாக்கியம், கிளம்பி வா. நீ இல்லாமல் என்னால் ஆகவில்லை.