பஸ்ஸில் போன ஆமை

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான்காம் வகுப்போடு நின்றுபோன உங்கள் தங்கை வணக்கம் வைத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே அண்ணி சுகமா, உங்கள் கோபம் சுகமா என்பதைத் தெரிவிக்கவும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்ன கடலாமை நான்தான். அதாவது, என் பை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆமைப் பாதுகாப்பு ஆபீஸ் மேடத்துக்கு நீங்கள் எழுதிய புகாரில் பாதிக் கதையைக் காணோம். ஆமை எந்தக் கடலுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள அதன் ஓட்டின்மேல் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியைப் பசை போட்டு ஒட்டுவோம், அது சாட்டிலைட்டோடு பேசும். பெட்டியோடு ஒரு காந்தத்தையும் டேப் போட்டுச் சுற்றியிருப்பார்கள், காந்தம் இருக்கும்வரை பெட்டி தூங்கும், எடுத்தால் முழித்துக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுச் சட்டையில் குத்தியிருக்கிற குண்டூசி மாதிரி என்று நினைத்து உரித்துவிட்டேன். நல்ல காந்தம், இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆமைக்கு மாட்டக் கடற்கரைக் கொட்டகைக்குப் பஸ் ஏறினவள், வழியில் பல் டாக்டரைப் பார்த்து, அப்படியே உங்கள் வீட்டுக்கும் வந்து, பையைப் பால்கனிக் கொக்கியில் மாட்டி, அண்ணியோடு பேசின பேச்சில் பையை மறந்து வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

தலைமை ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டர்காரரோ, பெட்டியை அறுநூற்றுப் பதினேழாம் நம்பர் ஆமைக்கு மாட்டியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். மேடத்துக்கு ஓடிப்போய்ப் போன் போட்டாராம்.

“மேடம், அறுநூத்திப் பதினேழு, மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போகுது!”

“கடல்லயா?”

“இல்ல மேடம், மெயின் ரோட்டுல. சிக்னல்ல கூட நின்னுச்சு. இப்ப பல் ஆஸ்பத்திரியில இருக்கு.”

யாரோ ஆமையைக் கடத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமை காலையில் வனத்துறைக்காரர்கள் நாலு பேர் உங்கள் கதவைத் தட்டியது, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நீங்கள் வந்து நின்றது, அவர்கள் தண்ணீர்த் தொட்டி, கட்டிலடி, வாஷிங் மெஷின் எல்லாம் குனிந்து பார்த்தது, இதையெல்லாம் அண்ணி போனில் சொன்னாள். சிரிப்புக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் சொன்னாள்.

“யோவ், நான் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்யா!” என்றீர்களாம்.

“படிச்சவங்கதான் சார் இப்பல்லாம் இதைச் செய்யறாங்க” என்றானாம் ஒருத்தன்.

தெருவில் உங்களை ‘ஆமை சார்’ என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்கு மனப்பூர்வமாக வருத்தப்படுகிறேன். இரண்டு தடவை சிரித்துவிட்டுத்தான் வருத்தப்பட்டேன், இருந்தாலும் வருத்தம் வருத்தம்தான்.

அதற்காக, “படிப்பில்லாதவளிடம் விஞ்ஞானத்தைக் கொடுக்கலாமா, உடனே நீக்குங்கள்” என்று மேடத்துக்கு ஒரு கடிதம், “வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்னால் நீயே ராஜினாமா கொடுத்துவிடு, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்று எனக்கு ஒரு கடிதமா? அண்ணா, உங்கள் வீட்டில் ஆமையும் புகவில்லை, அமீனாவும் புகவில்லை. புகுந்தது ஒரு பெட்டியும் நாலு வனத்துறைக்காரர்களும். அதற்கு இன்னும் பழமொழி வரவில்லை.

ராஜினாமா கொடுக்க மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் கொடுக்க மாட்டேன். ஒன்பது வருடமாக விடியும்போதே அஞ்சு கிலோமீட்டர் மணலில் நடக்கிறேன். எது ஏறின தடம், எது இறங்கின தடம், எது முட்டையிட்டுப் போனது, எது சும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினது என்று பார்த்தவுடன் சொல்வேன். போன வாரம் பறக்கும் கேமராவை வைத்துக்கொண்டு கோட்டுப் போட்டவர்கள் வந்து தொண்ணூற்றாறு என்று எண்ணிவிட்டுப் போனார்கள். ஏறினதை ஒன்று, இறங்கினதை ஒன்று, வந்து திரும்பினதையும் இரண்டு என்று கூட்டியிருக்கிறார்கள். உண்மையில் முட்டைக்குழி நாற்பத்தொன்று. போன வருடம் அறுபத்துமூன்று. தொண்ணூற்றாறு என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? ‘ஆமைதான் பெருகிடுச்சே’ என்று அந்த மணல்மேலேயே கல் சுவர் கட்ட வந்துவிடுவார்கள். நாற்பத்தொன்றுதான் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது யார்? ஹெட்மாஸ்டரா?

அந்த அறுநூற்றுப் பதினேழின் துடுப்புக் காலில் நம்பர்த் தகட்டை அழுத்தினதும் இதே கைதான். எந்தெந்தக் கடலையோ மூன்று வருடம் சுற்றிவிட்டு அதே மணலுக்கு, அதே புதர் ஓரத்துக்கு வந்தாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் அவள்? நீங்கள் எம்.ஏ. படித்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தின காரைக் காணோம் என்று இரண்டு மணி நேரம் தேடி, போலீசில் எழுதியும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வந்தது ஆட்டோவில் என்று ஞாபகம் வந்தவர். நான் ஏதாவது சொன்னேனா? நாலு பேரிடம்தான் சொன்னேன்.

நாளைக்கு விசாரணையில் என் நோட்டை மேடம் மேசையில் வைத்து, “இதுல ஒரே ஒரு குழி தப்புன்னு காட்டுங்க, நானே எந்திரிச்சுப் போயிடறேன்” என்று சொல்லப் போகிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஊர் ஜனமே சேர்ந்து வந்து காட்டட்டும், பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், நடுவில் இருப்பவர்களுக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும். அண்ணிக்கு என் தனி அன்பு.

இப்படிக்கு,
வேலையை விடாத தங்கை

பின்குறிப்பு: இன்று காலை புதுத் தடம் ஒன்று கிடைத்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து புதர்வரை ஏறி, ஒரு குழி தோண்டி மூடிவிட்டு, திரும்ப இறங்கியிருந்தது. அகலம் எழுபது சென்டிமீட்டர். அளந்து, குச்சி நட்டு, நோட்டில் நாற்பத்திரண்டு என்று பேனாவால் எழுதி, மேடத்துக்கும் போனில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு முட்டையைப் பார்க்கக் குழியில் கை விட்டேன். என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. நேற்று சாயங்காலம் கடலில் குளித்துவிட்டு வரும்போது அதைத் தவறவிட்டு, இடுப்பில் துண்டோடு தவழ்ந்து தவழ்ந்து தேடினாராம். அவர் தோண்டின மண்ணே அதன்மேல் விழுந்து மூடியிருக்கிறது. கண்ணாடியில் கீறல் எதுவும் இல்லை.